விழித்ததும் ஒரு நிமிஷம்

மார்ச் 3, திங்கள்
நாடி 88

இதய டாக்டர் மீரான் நோட்டுப் போடச் சொன்னார். போட்டுவிட்டேன். காலையில் கண் விழித்ததும், படுக்கையை விட்டு எழுந்திருக்குமுன், வாயில் காப்பி படுமுன், ஒரு முழு நிமிஷம் நாடியை எண்ணி எழுத வேண்டும்.

"தெனம் நடக்கச் சொல்லியிருக்கேன்லாம்மா. நெஞ்சு வலுவாக வலுவாக, சும்மா கெடக்கும்போது துடிக்கது கொறையும். அதுதான் நமக்கு மார்க்கு. இப்ப எண்பத்தெட்டு. ரெண்டு மாசத்துல எழுபதுக்குக் கீழ கொண்டாந்துரணும்" என்றார். என்னைப் பார்த்துத்தான் சொன்னார். நோயாளியைப் பார்த்துச் சொல்லவில்லை.

நோயாளி என் புருஷன். பெயர் சங்கரநயினார், வயது அறுபத்தாறு, மின்வாரியத்தில் லைன் இன்ஸ்பெக்டராக இருந்து ஓய்வு பெற்றவர். ஜனவரியில் நெஞ்சு வலி வந்து ஸ்டென்ட் வைத்தார்கள். தன் நாடியைத் தானே எண்ணிக்கொள்ளலாம்தான். ஆனால் எப்போதோ கரண்ட் அடித்து அவருக்கு விரல் நுனியெல்லாம் மரத்துப்போய்விட்டது. கொரோனா சமயத்தில் விரலில் மாட்டும் மெஷின் ஒன்று வாங்கினோம். எனக்கு அதில் நம்பிக்கை கிடையாது. நான் முப்பத்திரண்டு வருஷம் கிராம சுகாதார நர்ஸாக வேலை பார்த்தவள். பிறந்த பிள்ளைக்கும் எண்ணியிருக்கிறேன், போகிற உயிருக்கும் எண்ணியிருக்கிறேன். ஒருநாளும் எண்ணிக்கை தப்பியது இல்லை.

ஆக, தினம் காலையில் அந்த ஆளின் கையை ஒரு நிமிஷம் பிடிக்க வேண்டும் என்று எனக்கு விதித்திருக்கிறது. நாங்கள் இருவரும் பேசி ஒன்பது வருஷம் ஆகிறது.

நோட்டின் முன்பக்கம் டாக்டருக்கு. பின்பக்கத்திலிருந்து எனக்கு.

மார்ச் 5, புதன்
நாடி 87

கண்ணை இறுக மூடிக்கொண்டு தூங்குவதுபோல் கிடக்கிறார். கை மட்டும் போர்வைக்கு வெளியே நீளுகிறது, ரேஷன் கடையில் பையை நீட்டுவதுபோல.

மார்ச் 9, ஞாயிறு
நாடி 89

பேசுவதில்லை என்றால் ஊமையாக இருக்கிறோம் என்று அர்த்தம் இல்லை. நான் மிக்ஸியோடு பேசுவேன். "ஏ மிக்ஸி, சட்னிக்கு அரை உப்புதான். சில பேரு உடம்புக்கு ஆகாது." அவர் செய்தித்தாளோடு பேசுவார். "இந்தா பேப்பரு, உப்பில்லாத சட்னிய மனுசன் திங்க முடியுமா?" உடனே நான் ஜன்னலில் வந்து உட்காரும் காக்காயிடம் சொல்வேன், ஜனவரியில் ஆம்புலன்ஸுக்குப் போன் போட்டது யார், பின்னாலேயே பையைத் தூக்கிக்கொண்டு ஓடியது யார் என்று. காக்காய் பதில் சொல்லாது. அதனால்தான் அதைப் பிடிக்கும்.

மாடியில் குடியிருக்கும் ஜெபமலர், லேப் டெக்னீஷியன், வந்த புதிதில் எனக்குப் புத்தி பேதலித்துவிட்டது என்று நினைத்ததாம். இப்போது பழகிவிட்டது.

தண்ணீர் வரவில்லை. மோட்டார் மறுபடியும் இரைகிறது. அதைச் சரிபார்க்கச் சொல்லிப் பிரிட்ஜிடம் சொல்லியிருக்கிறேன்.

மார்ச் 17, திங்கள்
நாடி 88

இரண்டு வாரம் ஆகிவிட்டது. ஒன்றுகூடக் குறையவில்லை. காலையில் ஐந்தே முக்காலுக்கு வெள்ளை ஷூ போட்டுக்கொண்டு பந்தாவாகக் கிளம்புகிறார், ஏழு மணிக்கு வருகிறார். நடந்தால் குறைய வேண்டுமா இல்லையா? எங்காவது டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்து வடையை மொக்கிக்கொண்டிருக்கிறார் என்று நினைக்கிறேன். ஏமாற்றுவது அவருக்குப் புதிது இல்லை.

மார்ச் 19, புதன்
நாடி 88

கையும் களவுமாகப் பிடித்துவிடலாம் என்று பின்னாலேயே ஆட்டோவில் போனேன். மைதானத்து வாசலில் கம்மங்கூழ் வண்டி நின்றது. அதன் பின்னால் நின்று பார்த்தேன்.

நடக்கிறார். ஐந்து சுற்று. கையை வீசிக்கொண்டு வேகமாக நடக்கிறார். யாரோ இரண்டு பேர் கூட வந்தார்கள், மூச்சு வாங்கி நின்றுவிட்டார்கள். இவர் நிற்கவில்லை. கூழ்க்காரரிடம் கேட்டேன்.

"இஞ்சினியர் அண்ணாச்சியா? ஒருநா தவறாம வாராவ. இப்பல்லாம் பொடிப்பயலுகளே அவிய பின்னாலதான் ஓடுதானுவ."

இஞ்சினியராம். கம்பத்தில் ஏறினவர் எப்போது இஞ்சினியர் ஆனார் என்று தெரியவில்லை. ஐந்தாவது சுற்றில் வேறொருவர் வந்து சேர்ந்துகொண்டு ஏதோ சொல்ல, தலையைப் பின்னால் சாய்த்துச் சிரித்தார். வீட்டில் அந்தப் பல்லை நான் பார்த்து எத்தனையோ வருஷம் ஆகிறது. நாற்பது ரூபாய் ஆட்டோவுக்கும் எரிச்சல், அந்தச் சிரிப்புக்கும் எரிச்சல்.

ஆனால் நடந்தும் ஏன் குறையவில்லை?

மார்ச் 31, திங்கள்
நாடி 89

டாக்டரிடம் போனோம். நோட்டைப் புரட்டிப் பார்த்து உதட்டைப் பிதுக்கினார். அவரும் மெஷின் வைத்துப் பார்த்தார், 92 காட்டியது. நான் பக்கத்தில் நின்று பார்த்தேன், சரியாகத்தான் வைத்தார். நாடியைக் குறைக்கும் மாத்திரையை இரண்டு மடங்கு ஆக்கிவிட்டார். காலையில் ஒன்று, சாயந்திரம் ஒன்று.

"கவனமா பாத்துக்கிடுங்க. நீங்க எழுதிக் கொண்டார நம்பர வச்சுத்தான் நான் மருந்து குடுக்கேன்" என்றார். என் கணக்கில் அவருக்கு அத்தனை நம்பிக்கை. திரும்பி வரும்போது மனசுக்கு நன்றாக இருந்தது, அதை மறைப்பானேன்.

ஏப்ரல் 4, வெள்ளி
நாடி 85

குளித்துவிட்டு வரும்போது கதவைப் பிடித்துக்கொண்டு நின்றார். சுவரிடம், "தல கிறுகிறுங்குது" என்று சொன்னார். நான் முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தேன். ஆய்ந்து முடித்தேன். நடிப்பதில் அவர் கெட்டிக்காரர்.

மோர் கலந்து மேஜையில் வைத்தேன், எனக்கு அதிகமாகப்போனதால்.

ஏப்ரல் 8, செவ்வாய்

மதுரை. மகள் பகவதியின் பிள்ளைக்கு அம்மை போட்டிருக்கிறது. நாலைந்து நாள் இருக்க வேண்டும். நாடி எண்ணுவதற்கு மாடி ஜெபாவிடம் சாவி கொடுத்து, கையைப் பிடித்துப் பிடித்துக் காட்டிக்கொடுத்துவிட்டு வந்திருக்கிறேன். முழு நிமிஷம் எண்ண வேண்டும், பதினைந்து வினாடி எண்ணி நாலால் பெருக்கும் சோம்பேறித்தனம் கூடாது என்று சொல்லியிருக்கிறேன்.

ஏப்ரல் 13, ஞாயிறு

ஊர் திரும்பினேன். நோட்டைத் திறந்தால் ஜெபாவின் முத்து முத்தான கையெழுத்து. 61. 58. 57. 55. 56.

மாடிக்குப் போய்ச் சத்தம் போட்டேன். படித்த பிள்ளைக்கு ஒன்றிலிருந்து நூறு வரைக்கும் எண்ணத் தெரியாதா என்று கேட்டேன். அவள் இட்லித் தட்டோடு நின்றாள்.

"ஆன்ட்டி, முழு நிமிஷம் எண்ணுனேன். எனக்கே சந்தேகம் வந்து அந்த மெஷினையும் வச்சுப் பாத்தேன். ரெண்டும் ஒண்ணுதான். அங்கிள் ஜாலியாத்தான் இருந்தாங்க. மாமனார் ஊர்ல மின்னல் அடிச்ச கதையெல்லாம் சொன்னாங்க."

என் அப்பா ஊரில் மின்னல் அடித்த கதை. என்னிடம் பேசாத மனுஷன் அதை இவளிடம் சொல்லியிருக்கிறார்.

மெஷினும் பொய், இவளும் பொய் என்று சொல்லிவிட்டு இறங்கிவிட்டேன்.

ஏப்ரல் 14, திங்கள்
நாடி 84

பார்த்தீர்களா. நான் எண்ணினால் 84.

வருஷப்பிறப்பு. வேப்பம்பூப் பச்சடி வைத்தேன். பேப்பரிடம் "கசப்பு தூக்கலா இருக்கு" என்றார்.

ஏப்ரல் 15, செவ்வாய்

இதை எழுத எனக்குப் பிடிக்கவில்லை. ஆனால் நடந்ததை நடந்தபடி எழுதித்தான் பழக்கம்.

காலையில் ஜெபாவை முதலில் அனுப்பினேன். நான் அறைக்கு வெளியே செருப்பில்லாமல் நின்றேன். அவள் மெஷினை அவருடைய இடது கை விரலில் மாட்டினாள். எனக்குத் தெரியும்படி திருப்பிக் காட்டினாள். 55. இரண்டு நிமிஷம் அப்படியே நின்றது. 55, 54, 55.

நான் உள்ளே போனேன். கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தேன். கண்ணைத் திறக்காமலே வலது கையை நீட்டினார், யார் உட்கார்ந்தது என்று தெரிந்திருக்கிறது. மணிக்கட்டில் மூன்று விரலை வைத்தேன். மெஷினில் 58 ஆனது. 64. 71. என் விரலுக்கு அடியிலேயே ஏறியது, நான் ஒன்றுமே செய்யவில்லை. 80. ஜெபா என்னைப் பார்த்தாள், பிறகு தரையைப் பார்த்தாள். 83.

கையை எடுத்துக்கொண்டு அடுப்படிக்குப் போய்விட்டேன். அன்று டாக்டர் அறையில் 92 காட்டியபோதும் நான்தான் அவர் பக்கத்தில் நின்றேன்.

இருக்கட்டும். ஒன்பது வருஷமாக நான் அவரை வெறுக்கிறேன், அவரும் என்னை வெறுப்பதில் என்ன ஆச்சரியம்? ஆனால் வெறுக்க வேண்டியவள் நான். அவருக்கு என்ன வந்தது? நான் அவருக்கு என்ன செய்தேன்?

செய்தவர் அவர். அதையும் எழுதிவிடுகிறேன். அவர் தங்கை மகள் கல்யாணம், தூத்துக்குடியில். இவர் தாய்மாமன். காலை ஆறரைக்கு முகூர்த்தம், தாய்மாமனும் அவர் பெண்டாட்டியும் ஜோடியாக நின்று மாலை போட்டுப் பெண்ணை மேடைக்குக் கூட்டி வர வேண்டும். அன்று விடியக் காலம் மூன்று மணிக்குக் கல்லிடைக்குறிச்சியில் என் அம்மா இறந்துபோனாள். என் தம்பி கைலாசம் இவருக்குப் போன் செய்திருக்கிறான். சொன்னால் எனக்குத் தீட்டு, மேடையில் ஏற முடியாது. இவர் சொல்லவில்லை. பட்டுச்சேலை கட்டிச் சிரித்த முகமாக நான் எல்லாருக்கும் சந்தனம் கொடுத்தேன். தாலி கட்டி முடிந்து, பந்தியில் உட்கார்ந்து, பாயசம் ஊற்றிய பிறகு சொன்னார். அன்றைக்கு மூடிய வாய்தான் எனக்கு. தம்பி பெண்டாட்டியும் அன்றிலிருந்து எனக்கு முகம் கொடுத்துப் பேசுவதில்லை. ஏன் என்று இன்றுவரை புரியவில்லை.

சாயந்திரம் மாத்திரை இன்னொன்று கொடுத்தேன். டாக்டர் இரண்டு என்றுதான் எழுதியிருக்கிறார். நான் டாக்டர் இல்லை.

ஏப்ரல் 16, புதன்
நாடி 84

84 என்றே எழுதினேன். பொய் இல்லை, என் விரலுக்கு வந்தது 84தான்.

காலை மாத்திரையும் கொடுத்தேன். பத்து மணிக்குத் துவைக்கிற கல்லின் பக்கத்தில் விழுந்துவிட்டார். நெற்றியில் இரண்டு அங்குலக் காயம். கையைப் பிடித்துப் பார்த்தேன், மயங்கிக் கிடக்கும்போது நான் பிடித்தது அவருக்குத் தெரியாது. 44.

நாற்பத்துநான்கு. முப்பத்திரண்டு வருஷ நர்ஸ், இரண்டு நாளாகத் தெரிந்துகொண்டே அந்த மாத்திரையைக் கொடுத்திருக்கிறேன். எதற்காக? டாக்டரிடம் போய், என் கை பட்டால் என் புருஷனுக்கு உடம்பு பதறுகிறது என்று சொல்ல வெட்கம். அவ்வளவுதான் காரணம். வேறு நல்ல காரணம் யோசித்தேன், கிடைக்கவில்லை.

காயத்துக்குக் கட்டுப் போட்டேன். டாக்டர் வெளியூர், நாளை காலைதான் பார்க்கலாம் என்றார்கள். டாக்டரிடம் போனிலேயே கேட்டு மாத்திரையை நிறுத்திவிட்டேன்.

ஏப்ரல் 17, வியாழன்

சொல்லிவிட்டேன்.

"டாக்டர், இந்த நோட்டுல இருக்கது பூராவும் தப்பு. எண்ணுனது சரி. ஆனா நான் தொட்டாத்தான் ஏறுது. வேற யாரு தொட்டாலும் அம்பத்தஞ்சுதான்."

"இங்கயும் தொண்ணூறு காட்டிச்சேம்மா?"

"நான் பக்கத்துல நின்னேன்லா. என்னக் கண்டா அவியளுக்கு ஆகாது. அவ்வளவு வெறுப்பு."

நெற்றிக் கட்டோடு உட்கார்ந்திருந்தவர் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். டாக்டர் என்னை வெளியே போகச் சொன்னார். நர்ஸை வெளியே அனுப்பிவிட்டு நோயாளியைப் பார்த்தார்கள், இதுவும் என் வாழ்க்கையில் நடந்தது. அரைமணி நேரம் கழித்துக் கூப்பிட்டார். ஈ.சி.ஜி. நன்றாக இருக்கிறதாம். நடந்ததற்குப் பலன் கிடைத்திருக்கிறது, நெஞ்சு எப்போதோ தேறிவிட்டது. நாம்தான் தெரியாமல் மருந்தைக் கூட்டிவிட்டோம் என்றார். 'நாம்' என்றது அவருடைய நல்ல மனசு. மாத்திரையைப் பழைய அளவில் பாதியாக்கிவிட்டார்.

"இனி வேற யாராவது எண்ணட்டும்மா" என்றார், மெதுவாக.

ஏப்ரல் 18, வெள்ளி

பெரிய வெள்ளி. ஜெபா விடியும் முன்பே கோவிலுக்குப் போய்விட்டாள், மூன்று மணி ஆராதனை முடிந்துதான் வருவாளாம். மருந்து குறைத்த முதல் நாள், எண்ணாமல் விடவும் முடியாது. நானே போய் உட்கார்ந்தேன்.

கையைப் பிடித்தேன். பத்து எண்ணுவதற்குள் ஓட ஆரம்பித்துவிட்டது. நான் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்து எண்ணிக்கொண்டிருந்தேன்.

"வெறுப்பு இல்ல ஆவுடை."

பேப்பர் கையில் இல்லை. சுவரையும் பார்க்கவில்லை. என் பெயரைச் சொன்னார். கண் திறந்திருந்தது. நான் எண்ணுவதை நிறுத்தவில்லை.

"பயம். நீ நாடி பிடிக்கும்போது, அது உனக்குத் தெரிஞ்சுருமோன்னு பயம். எத்தன பேரு கையப் பிடிச்சுப் பாத்தவ நீ."

"எது?"

ஒன்பது வருஷத்தில் நான் அவரிடம் சொன்ன முதல் வார்த்தை அது.

"கைலாசம் போன் பண்ணுனது மூணு மணிக்கு மட்டும் இல்ல. மொத நா சாயந்திரமே. ஏழு மணிக்கு. உன் போனு ரூம்ல சார்ஜில கெடந்துச்சு. அம்மைக்கு மூச்சு இழுக்கு, அக்காள உடனே அனுப்புங்க அத்தான்னான். கார் பிடிச்சா ரெண்டு மணி நேரம்."

நான் எண்ணிக்கொண்டிருந்தேன். நாற்பத்தைந்து வினாடி ஆகியிருந்தது.

"தாய்மாமன் பொண்டாட்டி இல்லாம எப்படின்னு... விடிஞ்சா முகூர்த்தம். கெழவி தாங்கும்னு நெனச்சேன். உன்கிட்ட சொன்னதாவும், நீ முகூர்த்தம் முடிச்சுட்டு வாரேன்னு சொல்லிட்டதாவும் அவன்கிட்ட சொன்னேன்."

"நான் சொன்னேன்னா?"

"நீ சொன்னேன்னுதான் சொன்னேன்."

அழுதார். நிமிஷம் முடிந்தது. 104. அந்த எண்ணை நோட்டின் முன்பக்கம் எழுதி, பேனாவை மூடி வைத்துவிட்டு, கொல்லைப்பக்கம் போய் நின்றேன்.

அம்மாவுக்கு எட்டு மணி நேரம் இருந்திருக்கிறது. யார் யார் வீட்டுக் கிழவிகளுக்கோ கடைசி மூச்சுவரை கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தவள் நான்.

ஏப்ரல் 19, சனி

எண்ணவில்லை. சோறு பொங்கினேன். மிக்ஸியிடமும் பேசவில்லை.

ஏப்ரல் 20, ஞாயிறு
நாடி 60 (ஜெபா)

தம்பிக்குப் போன் செய்தேன். "கைலாசம், எனக்கு யாரும் சொல்லலடா. காலைல பந்தியிலதான்டா தெரியும்" என்றேன்.

"யக்கா, ஆவுடை வாராளா, ஆவுடை வாராளான்னு அம்மை வாசலயே பாத்துக்கிட்டுக் கெடந்தா. நான்தான் சொன்னேன், கல்யாணத்த முடிச்சுட்டுக் காலைல வருவான்னு. அதுக்குப் பொறவு அவ கேக்கவே இல்ல."

போனை வைத்துவிட்டோம்.

ஏப்ரல் 24, வியாழன்
நாடி 61 (ஜெபா)

அவர் என்னிடம் நேரடியாகப் பேச ஆரம்பித்துவிட்டார். மோட்டாரில் வாஷர் மாற்றிவிட்டேன் என்கிறார். வெயில் ஜாஸ்தி என்கிறார். இரண்டு தடவை சோறு கேட்டு வாங்கினார். ராத்திரி குறட்டை விடுகிறார், அடுத்த அறைக்குக் கேட்கிறது. இத்தனை நாளும் குறட்டை விடாத மனிதர்.

சொன்னதும் அவருக்குக் கனம் இறங்கிவிட்டது. இறக்கி எங்கே வைத்தார் என்று அவர் யோசித்ததாகத் தெரியவில்லை.

ஏப்ரல் 28, திங்கள்

ஜெபா வாசல்வரை வந்தாள். நான் அவளைத் திருப்பி அனுப்பிவிட்டேன். இன்னும் என்னைக் கண்டு பயப்படுகிறாரா என்று என் விரலாலேயே பார்க்க வேண்டும் என்று இருந்தது. பயப்பட வேண்டும் என்றுதான் போனேன். நூறு வர வேண்டும், நூற்றுப்பத்து வர வேண்டும் என்று நினைத்துக்கொண்டு போனேன். அந்த ஆசையை எழுத எனக்கு வெட்கமில்லை.

கட்டிலில் உட்கார்ந்து கையைப் பிடித்தேன். விழித்துத்தான் இருந்தார். சொந்த வீட்டுத் தின்பண்டத்தை எடுக்க நீட்டுவதுபோல் சாதாரணமாகக் கையைக் கொடுத்தார். என் மூன்று விரலும் அவர் மணிக்கட்டில் இருந்தன. ஒரு முழு நிமிஷம் எண்ணினேன். துடிப்பு ஏறவே இல்லை. ஆற்றில் மிதக்கிற ஆள்போல் அமைதியாகக் கிடந்தார்.

"எவ்வளவு ஆவுடை?"

"அறுபத்திரண்டு."

"பாத்தியா, நான்தான் சொன்னேன்லா, நல்லாத் தேறிட்டேன்னு."

எழுந்து ஷூ மாட்டிக்கொண்டு, வாய்க்குள் ஏதோ பாட்டை முணுமுணுத்தபடியே மைதானத்துக்குக் கிளம்பிப் போனார். கேட் சாத்துகிற சத்தம் கேட்டது. நான் கட்டிலிலேயே உட்கார்ந்திருந்தேன். வலது கையின் மூன்று விரலை எடுத்து என் இடது மணிக்கட்டில் வைத்தேன். நர்ஸ் வேலையில் சேர்ந்த நாளிலிருந்து எனக்கென்று ஒருநாளும் எண்ணியதில்லை. கடிகாரத்தைப் பார்த்து முழு நிமிஷமும் எண்ணினேன். நம்பாமல் இன்னொரு நிமிஷமும் எண்ணினேன்.

நோட்டின் முன்பக்கத்தில் எனக்கு இடம் கிடையாது. ஸ்கேல் எடுத்து அவருடைய எண்களுக்குப் பக்கத்தில் இன்னொரு கோடு போட்டேன். மேலே 'ஆவுடையம்மாள்' என்று எழுதினேன்.

சங்கரநயினார் 62. ஆவுடையம்மாள் 98.